பூட்டு வைத்தது

பட்டுக்கூடு விற்ற பணம் கைக்கு வந்த மறுநாள்
பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள்.
கோபி கடைவீதியில் அந்நேரத்துக்கு
எங்கள் கடை வாசலில் மட்டும்தான் நிழல்.
முதலாளி அதைப் பார்த்துத்தான் வாடகை பேசினார்.

துளசிமணி என்று ரசீதில் பிறகு எழுதிய அந்த அம்மா
இதற்கு முன் இரண்டு தடவை வந்து போனவர்.
முதல் தடவை தண்ணீர் கேட்டார்,
குடித்துக்கொண்டே எல்லாப் பெட்டியையும் எண்ணினார்.
அடுத்த தடவை கையில் ஒரு சணல் கயிறு:
சமையல்கட்டு வாசலின் அகலம்
ஒரு முடிச்சாக அதில் கிடந்தது.

இந்த முறை வீட்டுக்காரரோடு.
அவருடைய செல்போனுக்குள் உறம்பரை முழுக்க.

"ரெண்டு கதவு வாங்கு மாப்ள,
ஒத்தக் கதவ இப்ப ஆரு வாங்கறா?"
இது பெருந்துறை.
ஸ்டார் எத்தனை என்றான் திருப்பூரில் இருக்கும் மகன்.
கொளப்பலூர் நங்கையாளுக்கு
வெள்ளை மட்டும் ஆகவே ஆகாது,
மஞ்சக் கை பட்டால் போகாதாம்.

மாரப்பன் இரண்டு கதவின் முன்னால் நின்று
காலரைச் சரி செய்துகொண்டார்.
அந்தக் கறுப்புக் கண்ணாடியில் அவர் நன்றாகத் தெரிந்தார்.
பாதி விற்றாயிற்று என்று நினைத்தேன்.

எனக்கும் சில வேலைகள் தெரியும்.
எழுபதாயிரத்தை முதலில் காட்ட வேண்டும்,
அப்புறம் இருபத்தெட்டு
தானாகச் சின்னதாகிவிடும்.
"இந்த மாடல்ல கடைசிப் பெட்டிங்க."
குடோனில் ஆறு நிற்கிறது.
ஆடி முடியும்வரை ஹாட்பாக்ஸ் இலவசம்.
கதவைத் திறந்தால் விளக்கு,
விளக்கடியில் ஐந்து பிளாஸ்டிக் ஆப்பிள்.
நிஜ ஆப்பிள் ஒருநாளும் அவ்வளவு சிவந்ததில்லை.

அந்த அம்மா ஒன்றை எடுத்துக்
காதருகே ஆட்டினார்.
கூட்டை அப்படித்தான் ஆட்டிப் பார்ப்பார்களாம்,
உள்ளே புழு நன்றாக இருந்தால் ஒரு சத்தம்,
அழுகி ஒட்டிக்கொண்டால் சத்தமே இல்லை.

"மாசாமாசம் நானும் மார்க்கெட்டுல
கூட்டக் கொட்டி வெச்சுட்டு உக்காருறவதானுங்க தம்பி.
நல்லது மேலாப்புல, நஞ்சது அடியில.
வியாவாரி ஒரு பிடி அள்ளுவாரு,
அவரு மூஞ்சியவே பாத்துட்டு இருப்பேன்.
போன மாசத்துக் கூடும் இந்த மாசத்துக் கூடும் ஒண்ணுதான்,
வெல மட்டும் நாப்பது ரூவா எறங்கிருச்சு.
அவரு ஊட்டுல அன்னைக்கு என்ன சண்டையோ."

ஆப்பிளை எடுத்த இடத்திலேயே வைத்தார்.
அதற்கப்புறம் நான் கடைசிப் பெட்டி பற்றிப் பேசவில்லை.

"பூட்டு வெச்சது எதுங்க?"

மூலையில் நின்றது. ஒற்றைக் கதவு,
கருநீலத்தில் பூப்போட்டது,
போன தீபாவளிக்கு வந்து போகாமல் கிடந்தது.
சாவியைப் போட்டுத் திருப்பினார்,
இழுத்தார்.
திறந்தார், மறுபடி பூட்டினார், இழுத்தார்.
குளிருமா என்று கேட்கவே இல்லை.
"பூட்டற அளவுக்கு ஊட்டுல என்னத்த" என்று
தொடங்கிய மாரப்பன்
முடிக்காமல் தெருவைப் பார்த்தார்.
பாக்கெட்டில் பெருந்துறை அடித்து ஓய்ந்தது.

பணத்தை எண்ணியவர் அவர்.
எடுத்துத் தந்தவர் அந்த அம்மா.
இரண்டு சாவியில் ஒன்று சுருக்குப்பைக்குள் போனது.
கொஞ்சம் பொறுத்து, இன்னொன்றும்.

சாயங்காலம் கம்பெனிப் படிவம்.
வாங்கிய காரணம், ஒன்றை மட்டும் குறிக்கவும்:
விலை, விளம்பரம், சலுகை, தெரிந்தவர் சொன்னது.
கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் நகராது.
சலுகை என்று போட்டேன்.
ஹாட்பாக்ஸை மேசை மேலேயே
மறந்துவிட்டுப் போயிருந்தார்.

ஒன்பதாம் நாள் கொளப்பலூர் நங்கையாள் வந்தார்.
நிறம் பற்றிப் பேச்சே இல்லை.
"தொளசி ஊட்டுல இருக்குதுங்களே, அது."
கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.
"சாவி எத்தன தருவீங்க?"
இரண்டு என்றேன்.
"வேற ஆருகிட்டயும் இருக்காதுல்லங்க?"

தெரிந்தவர் சொன்னது.
இந்த முறை கட்டம் சரியாகத்தான் பொருந்தியது.

இரவு ஷட்டரை இறக்குவதற்கு முன்
கோயமுத்தூருக்குப் போன் போட்டேன்,
பூட்டு வைத்ததில் நான்கு அனுப்பச் சொல்லி.
அந்தப் பழைய மாடலா, எதற்கு என்றார்கள்.

போகும் என்றேன்.